‘என்ர பக்கம் சரி’க்காரர்

மன்னார்த் தீவின் கழுதைகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் பறவைகளைப் பற்றி எழுதவும் ஆளுண்டு. தொப்பியும் தொலைநோக்கியுமாக வருடா வருடம் வந்து சேற்றுக்குள் நிற்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு மாதமும் இங்கேயே வசிக்கிற, வலை வீசாமலே கையில் அகப்படுகிற ஓர் இனத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அந்தக் குறையை இன்று நான் தீர்த்து வைக்கிறேன். இனத்தின் பெயர் ‘என்ர பக்கம் சரி’க்காரர்.

இவரை உங்களுக்குத் தெரியும். பசார்ச் சந்தியில் இரண்டு மோட்டார்சைக்கிள்கள் முட்டிக்கொண்டால், விழுந்த இடத்திலிருந்து எழும்புவதற்கு முன்பே, முழங்காலில் தோல் போனதா சட்டையில் பொத்தான் போனதா என்று தடவிப் பார்ப்பதற்கு முன்பே, தன் வண்டியின் முன்சில்லு றோட்டின் எந்த ஓரத்தில் கிடக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, “நான் என்ர பக்கத்தாலதான் வந்தனான்!” என்று வானத்துக்கு அறிவிக்கிறாரே, அவர்தான். அவர் வைத்த கறியில் உப்புக் கூடினால் தின்றவரின் நாக்கில் பிழை. அடுத்தவர் வைத்த கறியில் உப்புக் கூடினால் வைத்தவரின் கையில் பிழை. பூசைப் பாட்டில் சுருதி விலகினால் ஓர்கன்காரர் பக்கம். கலியாண வீட்டில் ஒலிபெருக்கி கீச்சிட்டால் மைக் பிடித்தவர் பக்கம். போனில் குரல் விட்டு விட்டுக் கேட்டால், “உங்கட பக்கம்தான் சிக்னல் இல்லை” என்பார். அவருடைய பக்கத்தில் சிக்னல் குறைந்ததாகச் சரித்திரமே கிடையாது. அவருக்குப் பல்வலி வந்தால்? அது பல்வைத்தியர் பக்கம்.

இவர் தனியாக இருக்கும்போது பாவம், சாதாரண மனிதர். பசிக்கும், கொட்டாவி விடுவார், நல்லவர். மற்றப் பக்கம் என்று ஒன்று வந்தால்தான் இனத்துக்குரிய குணம் தலைதூக்கும். மற்றப் பக்கத்திலும் இதே இனத்தைச் சேர்ந்தவர் நின்றுவிட்டாலோ, டிக்கெட் வாங்காமல் பார்க்கக்கூடிய காட்சி அது.

நான் பார்த்தேன். என் பெயர் கீர்த்தனன். மன்னார் பசாரில் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். பல்ப், வயர், சுவிச்சோடு, கொஞ்ச நாளாகத் தீப்பெட்டி அளவில் வரும் மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட்களையும் விற்கிறேன். அது ஒரு குட்டி மூளை. இன்னது நடந்தால் இன்னது செய் என்று லாப்டொப்பில் எழுதி அதற்குள் ஏற்றிவிட்டால், சொன்னதைச் செய்துகொண்டு கிடக்கும். சொன்னதை மட்டும்தான் செய்யும். தனக்குப் பக்கம் உண்டு என்று நினைக்கிற அளவுக்கு அதற்கு மூளை போதாது.

தாழ்வுபாட்டில் திரேசம்மா என்றொரு மனுசி கருவாடு போடுகிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு பனங்காணி, அதற்கு அப்பால் கடற்கரை ஓரமாக அவருடைய வாடி. அங்கேதான் மீனைக் கீறி உப்பிட்டுக் காயப்போடுவார். எங்கள் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்: அது சொல்லிக்கொண்டு வராது. வாடியில் கொட்டோ கொட்டென்று கொட்டும்; பனங்காணிக்கு இங்கால் வெயில் எறித்துக்கொண்டிருக்கும். போன மாரியில் அப்படித்தான், திரேசம்மா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருக்க, வாடியில் கிடந்த கருவாடு முழுவதும் ஊறிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கருவாடு எடுக்க வரும் சாஹுல் ஹமீட் நானா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். அதைத் திரும்ப வைத்துவிட்டு, வீட்டிலுள்ளோரின் சுகத்தை விசாரித்துவிட்டுப் போய்விட்டார். இந்த மாரியில் கட்டா மீன் கருவாடு ஒழுங்காகக் கை மாறினால் நத்தார்ப் பண்டிகைக்கு முன் சமையலறைக் கூரைக்குப் புதுச் சீற் போடுவது, மாறாவிட்டால் இன்னொரு மழைக்காலம் அடுப்புக்குக் குடை பிடிப்பது. திரேசம்மாவின் நிலை இதுதான்.

“மாமி, நீங்கள் யோசிக்காதேங்கோ. நான் ஒரு சாமான் செய்து தாறன்” என்றார் அவருடைய தமையன் மகன் றோய். யோசிக்க வேண்டிய நேரம் அதுதான் என்பது மாமிக்குத் தெரியவில்லை.

திட்டம் நல்ல திட்டம். வாடியில் ஒரு போர்ட், அதோடு ஒரு சின்னத் தகடு. தகட்டில் மழைத்துளி பட்டால் அந்தப் போர்ட் ‘மழை’ என்று சொல்லும். பனை பனையாகக் கட்டிக்கொண்டு வந்த வயர் வழியாக அந்தச் சொல் சமையலறைக்கு வரும். அங்கே இருக்கும் இன்னொரு போர்ட் அதைக் கேட்டு மணியை அடிக்கும். திரேசம்மா ஓடுவார். வாடிப் பக்கம் றோயின் பொறுப்பு; மணிப் பக்கத்தை அவருடைய கூட்டாளி, எருக்கலம்பிட்டியில் போன் திருத்தும் றினாஸ் எடுத்துக்கொண்டார். இருவரும் கெட்டிக்காரர். ஒருவராவது மக்காக இருந்திருந்தால் மணி முதல் நாளே அடித்திருக்கும்.

இப்படி இரண்டு போர்ட்கள் ஒரு வயரில் ஒவ்வொரு எழுத்தாக அனுப்பிப் பேசிக்கொள்வதைச் சீரியல் தொடர்பு என்பார்கள். இதற்கு ஒரேயொரு மரியாதை உண்டு. இரண்டும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஆறுதலாகப் பேச, மற்றது அவசரமாகக் கேட்டால், ‘மழை’ என்று அனுப்பியது அங்கே கேள்விக்குறியும் பெட்டியுமாகத்தான் போய் விழும். றோயின் போர்ட் நிதானக்காரன். 9600 என்ற வேகம். றினாஸின் போர்ட் ஓட்டக்காரன், 115200.

முதல் பரீட்சை ஒரு திங்கட்கிழமை. றோய் வாடியில் நின்று தகட்டில் போத்தல் தண்ணீரை ஊற்றினார். றினாஸ் சமையலறையில், மணிக்குப் பக்கத்திலிருந்த சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருவர் காதிலும் போன்.

“மச்சான், ஊத்திட்டன். மழை எண்டு அனுப்பிட்டுது. அடிச்சதோ?”

“இல்லை மச்சான். கேள்விக்குறியும் பெட்டியுமாய் வருது. உன்ர போர்ட் என்ன பாசை கதைக்குது?”

“என்ர பக்கம் சரி. அது வடிவாய்த்தான் கதைக்குது.”

“என்ர பக்கமும் சரி. இது வடிவாய்த்தான் கேக்குது.”

“அப்ப பிழை எங்க?”

“அதைத்தான் மச்சான் நானும் உன்னட்டக் கேக்கிறன்.”

வேகம் வேறு வேறு என்பது சிறிது நேரத்தில் தெரிந்துவிட்டது. சொன்னேனே, கெட்டிக்காரர்கள். தெரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்? ஒருவர் ஓர் எண்ணை அழித்து இன்னோர் எண்ணை எழுத வேண்டும். பல்லுத் தீட்டுகிற நேரம்கூடப் பிடிக்காது. ஆனால் எழுதினால் என்ன அர்த்தம்? பிழை என் பக்கம் என்று அர்த்தம்! படிப்பித்த சேர் 9600 என்றுதான் சொன்னவர் என்றார் றோய். யூரியூப்பில் எல்லோரும் 115200 தான் வைக்கிறார்கள் என்றார் றினாஸ். “நீ மாத்து” என்றார் இவர். “ஏன், நீ மாத்தன்” என்றார் அவர். பொழுதுபட்டதும், தான் இல்லாத நேரத்தில் மற்றவர் கை வைத்துவிடுவார் என்ற பயத்தில், றோய் தன் போர்ட்டைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். றினாஸ் தன்னுடையதைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம். றினாஸ் பள்ளிவாசலில் இருப்பார், போன் எடுக்க மாட்டார், பசார்ப் பக்கம் தலை காட்ட மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்த அந்த நேரத்தில் றோய் என் கடைக்குள் நுழைந்தார். இருவருக்கும் சொந்த லாப்டொப் இல்லை. எழுதுவது, அழிப்பது எல்லாம் என்னுடையதில்தான்.

“கீர்த்தனண்ணை, லாப்டொப்பை ஒருக்காத் தாங்கோ. அவனுக்குச் சொல்லிப் போடாதேங்கோ.”

“என்ன செய்யப் போறீர்?”

“115200 ஆக்கப் போறன். திங்கட்கிழமை மணி அடிக்கும். அடிக்கேக்க, ‘பாத்தியா, நீ கள்ளமாய் மாத்திப்போட்டாய், என்ர பக்கம் முதலே சரி’ எண்டு சொல்லுவன்.”

கவனித்தீர்களா? இந்த இனத்துக்குப் பிழையைத் திருத்துவதில் ஒரு மறுப்பும் இல்லை. திருத்தியது வெளியில் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். றோய் பூசையில் இருப்பார், பிரசங்கம் முடிய நேரமாகும் என்று கணக்குப் போட்டு, றினாஸ் சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாக வந்தார். “அண்ணை, ஒரு சின்ன வேலை. 9600 ஆக்கோணும். அவனுக்குத் தெரிய வேண்டாம், சரியே?” என்றார். ஒரு வாடிக்கையாளரின் இரகசியத்தை இன்னொரு வாடிக்கையாளருக்குச் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. வாயை மூடிக்கொண்டு லாப்டொப்பைத் திறந்து கொடுத்தேன்.

திங்கட்கிழமை இருவரும் அயன் பண்ணிய சட்டையோடு வந்தார்கள். வெற்றிச் சிரிப்பை உதட்டுக்குப் பின்னால் அடக்கி வைத்திருந்தார்கள். றோய் தண்ணீர் ஊற்றினார். திரையில் கேள்விக்குறி. அதற்குப் பக்கத்தில் பெட்டி.

இப்போது நிலைமை மோசம். இவ்வளவு நாளும் ‘என்ர பக்கம் சரி’ என்று பழக்கத்தில் சொன்னவர்கள், இன்று மனமார நம்பிச் சொல்கிறார்கள். தான்தான் இறங்கிப் போய் மாற்றிவிட்டாரே, இனிப் பிழை வேறு யாருடையது? ‘மச்சான்’ போய் ‘றினாஸ்’ வந்தது. ‘நீ’ போய் ‘நீங்கள்’ வந்தது. நண்பர்களுக்கிடையே மரியாதை வந்தால் கவனமாக இருங்கள், அடுத்து வருவது அடிதடி.

“நீங்கள் ஏதும் மாத்தினீங்களோ?” என்றார் றோய்.

“நான் ஏன் மாத்தோணும்? நீங்கள் மாத்தினீங்களோ?”

“நானோ? மடு மாதாவாணை...” என்று தொடங்கிய றோய், பொய்ச் சத்தியமாகிவிடுமே என்று நினைத்து, “...மடுப் பக்கம் இண்டைக்கு நல்ல மழையாம்” என்று முடித்தார். றினாஸ் “வல்லா” வரை வந்து பலமாக இருமினார். திரேசம்மா இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை றோய் வந்தார். மாற்றியும் அடிக்கவில்லை என்றால், முதலில் வைத்ததுதான் சரி என்பது அவருடைய முடிவு. திரும்ப 9600. அடுத்த ஞாயிறு றினாஸ் வந்தார். அதே முடிவு. திரும்ப 115200. மற்றவரும் மாற்றியிருக்கக் கூடும் என்ற எண்ணம் இருவரில் ஒருவருக்கும் வரவில்லை. “அவனோ? அவன் செத்தாலும் மாத்தமாட்டான், அண்ணை” என்று இருவருமே என்னிடம் சொன்னார்கள். தங்கள் இனத்தை நன்றாக அறிந்தவர்கள்.

மூன்றாவது திங்கட்கிழமை நானும் போனேன். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று, தனித்தனியாக, இருவரும் கூப்பிட்டிருந்தார்கள். லாப்டொப்பையும் கொண்டு வரச் சொன்னார்கள். சமையலறை வாசலில் திரேசம்மா ஒரு கதிரையைப் போட்டு, பிளேன்ரீயும் பனங்கட்டியும் தந்தார். அன்று அவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. கட்டா கடைசிக் காய்ச்சலில் கிடக்கிறது. விடிந்தால் சாஹுல் ஹமீட் நானா வாகனத்தோடு வருகிறார். “இண்டைக்கு மட்டும் மாதா காத்தாவெண்டால் காணும் தம்பி, சீற்றுக்குச் சொல்லிப் போட்டன்” என்று சொல்லிவிட்டுத் தேங்காய் திருவப் போனார். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். பனங்காணிக்கு அப்பால் வானம் சட்டிக் கரி நிறத்தில் நின்றது.

றோய் வாடிக்குப் போனார். இந்த முறை போத்தலுக்கு வேலையிருக்கவில்லை.

“றினாஸ், இப்ப வடிவாப் பாருங்கோ. மழை எண்டு அனுப்புது.”

“வரேல்லை.” றினாஸ் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், சாட்சியும் கேட்க வேண்டுமே.

“இப்ப?”

“கேள்விக்குறி வருது. பெட்டி வருது. மழை வரேல்லை.”

“இஞ்ச ஊத்துதையா! நான் சொட்டச் சொட்ட நனையிறன்! என்ர போர்ட் மழை மழை எண்டு கத்துது!”

“கத்தினா எனக்குக் கேக்கோணுமே? இஞ்ச ஒரு மழையும் இல்லை. உங்கட பக்கம்தான் பிழை!”

திரேசம்மா தேங்காய்ப் பாதியும் கையுமாக எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, மழையோ?”

றினாஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை உயர்த்தி, “கொஞ்சம் பொறுங்கோ அன்ரி. மழை எண்டு இன்னும் வரேல்லை” என்றார்.

போனுக்குள்ளிருந்து, “பெய்யுது! பெய்யுது! எழுதி வையுங்கோ, நான் அனுப்பிட்டன்!” என்று றோய் கத்தினார். அதன் பின்னால் மழை இரைகிற சத்தம் எனக்குக்கூட நன்றாகக் கேட்டது. தேங்காய்ப் பாதி நிலத்தில் விழுந்தது. திரேசம்மா பனங்காணிக்குள்ளால் ஓடிய ஓட்டத்தை நான் இதற்கு முன் விளையாட்டுப் போட்டியில்கூடப் பார்த்ததில்லை. றினாஸ் பின்னால் ஓடினார். நானும் போனேன், பிளேன்ரீ சிந்தாமல்.

வாடியில் றோய் நின்றார். ஒரு கையில் போன், மறு கையில் குடை. குடை யாருக்கு? போர்ட்டுக்கு! போர்ட் நனைந்து பழுதானால் பிழை தன் பக்கம் என்றாகிவிடுமே. சுற்றிவரக் கட்டா நனைந்துகொண்டு கிடந்தது. மூடுகிற தறப்பாள் எங்கே என்று திரேசம்மா தேடினார். மடித்தபடி அது றோயின் காலடியில் இருந்தது. செருப்பில் சேறு படாமலிருக்க அதன் மேல் ஏறி நின்றிருந்தார்.

பாதி தப்பியது. மீதிப் பாதியை அள்ளி விறாந்தையில் கொட்டிவிட்டு, தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, திரேசம்மா இருவரையும் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

“என்ர பக்கம் சரி மாமி. நான் அனுப்பினனான்” என்றார் றோய்.

“எனக்கு வரேல்லை அன்ரி. என்ர பக்கமும்...”

“ஓம் ராசா. உன்ர பக்கமும் சரி. ஓம் தம்பி, உங்கட பக்கமும் சரி” என்றார் திரேசம்மா. “கட்டாதான் பிழை விட்டது. மழை வரேக்க எழும்பி வீட்டுக்கு வந்திருக்கோணும்.”

பிறகு றோயின் காதைப் பிடித்தார். முப்பது வயது ஆளின் காது. ஆனால் மாமியின் கை. ஒவ்வொரு கருவாடாகத் துடைத்து அடுப்புக்கு மேலே கயிற்றில் கட்டும்படி இருத்திவிட்டார். றினாஸ் பிறர் வீட்டுப் பிள்ளை என்பதால் காது தப்பியது. மணிக்குப் பக்கத்தில் தனியே நின்று, முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு என் கதிரையடிக்கு வந்து, “அண்ணை, லாப்டொப்பை ஒருக்கா...” என்றார். கொடுத்தேன். 9600 ஆக்கினார்.

மணி அடித்தது. என்ன அடி! கருவாடு முழுவதும் உள்ளே வந்து சேர்ந்த பிறகு, மழை வருகிறது, ஓடி வாருங்கள் என்று அயலட்டையெல்லாம் கேட்க அடித்தது. வாடியில் தகடு காயும்வரைக்கும் நிற்கவில்லை.

“பாத்தியளே! என்ர பக்கம் முதலே சரி எண்டு சொன்னனான்!” என்று உப்புக் கையோடு துள்ளி எழும்பினார் றோய்.

“என்ர பக்கம் சரியாய் இருந்தபடியால்தானே அடிக்குது!” என்றார் றினாஸ். அப்போதும் லாப்டொப் அவருடைய மடியில்தான் இருந்தது.

திரேசம்மா அந்த லாப்டொப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “கீர்த்தனன் தம்பி, இவை ரெண்டு பேரும் உங்களட்டத்தானே வந்து மாத்தினவை?”

“ஓம் அக்கா.”

“அப்ப உங்களுக்கு முதலே தெரியும். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

நீங்களும் இதைத்தான் கேட்கப் போகிறீர்கள் என்பது தெரியும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லாப்டொப் கேட்டார்கள், கொடுத்தேன். யோசனை கேட்டார்களா? கேட்கவில்லை. நான் விற்ற வயரில் பிழை உண்டா? நீங்களே போய்ப் பார்க்கலாம், இன்றைக்கும் பனைகளில் அப்படியே நிற்கிறது. என் லாப்டொப்பில்? ஒரு கோளாறும் இல்லை. எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் என் பக்கம்... சரி, விடுங்கள்.

மறுநாள் சாஹுல் ஹமீட் நானா வந்து முகர்ந்து பார்த்து, பாதியை எடுத்துக்கொண்டு, பாதியை விட்டுப் போனார். அதனால் சமையலறைக்கும் பாதிச் சீற்தான் வந்தது. அடுப்புப் பக்கம் புதுச் சீற். வாசல் பக்கம் ஆகாயம்.

நத்தாரன்று திரேசம்மா எங்கள் மூவரையும் கூப்பிட்டிருந்தார். பலகாரம், கேக், இறைச்சி, றினாஸுக்கு மட்டும் கணவாய்க் கறி, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. கதிரைகளை வாசல் பக்கமாகப் போட்டிருந்தார். நாங்கள் மூவரும் வாயில் கேக்கை வைத்த நேரம், மணி அடித்தது. அடித்து வாய் மூடவில்லை, மழை பனங்காணியைத் தாண்டி நேரே எங்கள் தலையில் இறங்கியது. என் பிளேன்ரீக் கோப்பை தானாகவே நிரம்பத் தொடங்கியது. திரேசம்மா புதுச் சீற்றின் கீழ், அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்தபடி நின்று, “இருந்து சாப்பிடுங்கோ, என்ர பக்கம் ஒழுகேல்லை” என்றார்.

எங்கள் வரிசையில் நாலாவது கதிரை ஒன்று வெறுமையாக நனைந்துகொண்டிருந்தது. யாருக்கு என்று கேட்டேன். “ஆரும் வருவினம்” என்றார்.

இதைப் படிக்கும்போது உங்கள் மனதில் ஒரு முகம் வந்து போயிருக்கும். கந்தோரில் உங்களுக்கு எதிர்மேசையில் இருப்பவர், அல்லது மச்சினன், அல்லது காலையில் உங்களோடு சண்டை பிடித்தவர். ‘அச்சொட்டு அவரேதான்!’ என்று சிரித்தும் இருப்பீர்கள். வந்த முகம் உங்களுடையதா? இல்லையே?

அப்படியென்றால் வாங்கோ. கதிரை உங்களுக்குத்தான். குடை ஒன்று கொண்டு வாங்கோ.